நான் வேணாம்னு திருப்பிக் குடுத்த காபியை அவனே குடிச்சான்... பாண்டி, கடலூர் காபி ஷாப் அனுபவம் இருந்தா போடுங்க

உப்பளம்_பையன்

நாலு மாசம் ஆச்சு, இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, அதான் இங்க கொட்டிடறேன். ஒயிட் டவுன்ல இப்ப தெருவுக்கு ஒண்ணு முளைச்சிருக்கே, அந்த மாதிரி கடைதான், பேரு வேணாம். மஞ்ச செவுரு, பெரிய மரக்கதவு, மெனுல எஸ்டேட் பேரும் அது எத்தனை மீட்டர் உயரத்துல வெளைஞ்சதுங்கறதும் போட்டிருப்பான். பெங்களூர்லேருந்து வந்த ஃப்ரெண்ட் இழுத்துட்டுப் போனான். நான் கெத்தா போர் ஓவர்னு சொல்லிட்டேன், 280 ரூபா, தூள் மேல வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி வடிக்கற காபியாம், சத்தியமா அப்ப அது என்னன்னு எனக்குத் தெரியாது. கண்ணாடிக் கூஜா மாதிரி ஒண்ணுல வந்துச்சு, பால் கெடையாது, பக்கத்துல ஒரு சின்ன கப்பு. ஊத்தி ஒரு வாய் வெச்சேன் பாருங்க, புளிப்பு. எலுமிச்சம்பழ ஜூஸுக்குக் காபித்தூளை லேசா வாசனை காட்டுன மாதிரி.

கூப்ட்டு, "தம்பி, இது கெட்டுப் போச்சு போல, புளிக்குது"ன்னேன். அவன் இங்கிலீஷ்ல லைட் ரோஸ்ட், அசிடிட்டி, ஆரஞ்சு நோட்ஸ்னு ஏதோ சொன்னான். "அசிடிட்டி எனக்கு வயித்துல ஏற்கெனவே இருக்குப்பா"ன்னேன். ஃப்ரெண்ட் விழுந்து விழுந்து சிரிச்சான், பையன் சிரிக்கல. எடுத்துட்டுப் போய்ட்டான், பதிலுக்கு ஃபில்டர் காபி வந்துச்சு.

கை கழுவப் போனப்பதான் பாத்தேன். மிஷினுக்குப் பின்னாடி மறைவா நின்னுக்கிட்டு, கூஜாவுல நான் விட்டதை வேற கப்புல ஊத்தி, கண்ணை மூடி ஒரு வாய் குடிச்சான். அப்படியே நின்னான். அப்புறம் மிச்சத்தையும் மெதுவா குடிச்சு முடிச்சான். நான் குறை சொன்ன ஒரு பொருளை இன்னொருத்தன் அவ்ளோ பொறுமையா குடிச்சு நான் பாத்ததே இல்ல. திரும்பினான், என்னைப் பாத்துட்டான், உடனே கப்பை வெச்சுட்டுத் துணியை எடுத்து மேடையைத் தொடைக்க ஆரம்பிச்சுட்டான். ஏற்கெனவே பளபளன்னு இருந்த மேடை.

அந்த 280 அவன் சம்பளத்துல கழிஞ்சிருக்குமா? தப்பு என்னுதா அவனுதா? இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தா சொல்லுங்க.


மஞ்சக்குப்பம்_மைனர்

280க்குப் புளிச்ச தண்ணி. எங்க கடலூர்ல அந்தக் காசுக்குப் பதினாலு பேருக்கு ஃபில்டர் காபி வாங்கிக் குடுத்து ஊரையே கூட்டாளி ஆக்கிக்கலாம்.

என் கதை சின்னது. கல்யாண ரிசப்ஷன்ல ஓரமா ஒரு மிஷின் வெச்சுப் புஸ்ஸுன்னு ஸ்டீம் விட்டு, கப்பு தளும்ப நுரையா ஏத்தி மேல பூஸ்ட்டோ காபித்தூளோ தூவிக் குடுப்பாங்களே, அதுக்கு நம்ம ஊர்ல பேரு எஸ்பிரஸோ. நம்பிக்கையா ஆரோவில் ரோட்ல ஒரு கடைல எஸ்பிரஸோ சொன்னேன். இருமல் மருந்து மூடி அளவுக்குக் கறுப்பா ஒண்ணு வந்துச்சு, கூடவே ஒரு கிளாஸ் தண்ணி. இது டிகாஷன், பால் பின்னாடி வரும்னு பத்து நிமிஷம் காத்துக்கிட்டு குந்தியிருந்தேன் சார். எதிர் டேபிள்ல ஒரு வெள்ளைக்காரப் பாட்டி என்னையே பாத்துட்டு இருந்தாங்க. அந்தம்மா பார்வைதான் இன்னும் உறுத்துது.


ரிப்பேர்_தம்பி

மைனர் அண்ணே, விலையைப் பத்தி அப்புறம் பேசலாம், ஆனா உப்பளத்தாரு புளிப்புன்னு சொன்னதை அப்படியே விட முடியாது. நான் இந்த மிஷின்லாம் சர்வீஸ் பண்றவன், ஈசிஆர்ல ஆரம்பிச்சு அரியாங்குப்பம் வரைக்கும் நம்ம ஏரியா. புளிப்புல ரெண்டு இருக்கு. கொட்டையைக் கம்மியா வறுத்தா அதோட பழப் புளிப்பு தங்கும், அது அவங்க வேணும்னே பண்றது, குடிச்ச பின்னாடி நாக்குல லேசா ஒரு தித்திப்பு வரணும். இன்னொண்ணு தப்பாப் போட்ட புளிப்பு, தூளைக் கொரகொரன்னு அரைச்சு, சூடு பத்தாத தண்ணியை மடமடன்னு ஊத்திட்டா சாரம் பாதிதான் இறங்கும், முதல்ல இறங்கறது புளிப்புதான், இனிப்பும் கசப்பும் பின்னாடிதான் வரும். 15 கிராமுக்கு 250 மில்லி, தண்ணி 90 டிகிரிக்கு மேல, முதல்ல கொஞ்சமா ஊத்தித் தூளை நனைச்சு அரை நிமிஷம் விட்டு, அப்புறம் சுத்திச் சுத்தி ஊத்தினா மூணு நிமிஷம் சொச்சம் ஆவும். உங்களுக்கு எவ்ளோ நேரத்துல வந்துச்சு? ரெண்டு நிமிஷத்துல கொண்டாந்து வெச்சிருந்தா உங்க மேல தப்பே இல்ல.

இன்னும் ஒண்ணு, தண்ணி. நம்ம கரையோரத்துல போர்வெல் தண்ணில கடலே கலந்து கெடக்கு. ஒரு கடைல பாய்லரைப் பிரிச்சேன், உள்ள ஹீட்டர் ராடே தெரியல, சுத்தி விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு ஓடு, முட்டை ஓடு மாதிரி தட்டித் தட்டி எடுத்தேன். ஓனர் பயந்துபோய் ஆர்ஓ போட்டாரு, அதையும் ஓவரா போட்டு டிடிஎஸ்ஸை, அதான் தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு அளவை, பத்துக்குக் கீழ கொண்டாந்துட்டாரு. அப்படிப்பட்ட தண்ணில காபி சப்புன்னு ஆயிடும், அதுகூடப் பரவால்ல, பாய்லர்ல தண்ணி மட்டத்தைப் பாக்கற கம்பி இருக்கே, அது தண்ணில கரன்ட் பாஞ்சாதான் தண்ணி இருக்குன்னு நம்பும். உப்பே இல்லாத தண்ணில கரன்ட் பாயல. மிஷின் தண்ணி இல்லன்னு நெனச்சு இழுத்துக்கிட்டே இருந்து, ஞாயித்துக்கெழமை கூட்டத்துல ஸ்டீம் கொழாயிலேருந்து வெந்நீர் பீச்சி அடிச்சுது. 100லேருந்து 150 வரைக்கும் டிடிஎஸ் வெச்சுக்குங்கன்னு தலையால அடிச்சுக்கறேன். வீட்ல போர் ஓவர் போடறவங்களும் இதைப் பாத்துக்குங்க.

என் அனுபவம்னா அந்த ஞாயித்துக்கெழமைதான், வேற பெருசா இல்ல.


லாஸ்பேட்டை_அக்கா

யாரும் வீட்ல போர் ஓவர் போடறேன்னு சொல்லவே இல்லையே தம்பி.

எனக்கும் ஒண்ணு இருக்கு, யாருகிட்டயும் சொன்னதில்ல. பையன் பொறந்தநாளுக்கு எங்கம்மாவையும் கூட்டிட்டு மிஷன் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். அம்மாக்கு 68, நெல்லிக்குப்பம் பக்கம் கிராமம். கேப்புசினோ வந்துச்சு, மேல இலை மாதிரி அழகா வரைஞ்சு. அம்மா கப்பைத் தொட்டுப் பாத்துட்டு, "ஆறிப் போச்சே, சூடு பண்ணிக் குடுப்பா"ன்னாங்க. அந்தப் பையன் நல்லவன்தான், தமிழ்லதான் சொன்னான், "அம்மா, 65 டிகிரிக்கு மேல போச்சுன்னா பாலோட இனிப்பு போய்டும்"னு. அவ்ளோதான். "பால் எந்தச் சூட்டுல இனிக்கும்னு எனக்குச் சொல்லித் தர்றியா, நாப்பது வருஷம் மாடு கட்டிக் கறந்தவ நான்"னு எழுந்து கவுண்டருக்கே போய்ட்டாங்க.

அவன் சிரிச்சுட்டு புதுப்பாலு ஊத்தி ஸ்டீம் வெச்சான். அவங்க தெர்மாமீட்டர்லாம் பாக்கல, எவர்சில்வர் ஜக்கோட அடியில உள்ளங்கையை வெச்சுத்தான் சூடு பாக்கறாங்க. அம்மா நேரா கையை நீட்டி அவன் கைக்குப் பக்கத்துல ஜக்கு மேல வெச்சுட்டாங்க. அவன் கையை எடுத்துட்டான், அம்மா எடுக்கல. "இன்னும்... இன்னும்..."னு சொல்றாங்க, பாலு கீச்சுனு கத்துது, கடையே திரும்பிப் பாக்குது, ஒரு பொண்ணு போன்ல வீடியோ எடுக்கறா. எனக்கு உடம்பெல்லாம் கூசிடுச்சு. "அம்மா, மானத்த வாங்காத, வந்து உக்காரு"ன்னு கத்திட்டேன்.

வந்து உக்காந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. அந்தக் காபியை ஒரு சொட்டு விடாம குடிச்சாங்க. வீட்டுக்குப் போற ஆட்டோல, அஜந்தா சிக்னல் தாண்டினப்புறம், "அந்தப் புள்ளைக்கு மணிக்கட்டுல சுட்டு வடு வடுவா இருக்கு பாத்தியா, எண்ணெய்கூடத் தடவாம வேலைக்கு வந்திருக்கான்"னாங்க. நான் பாக்கல. எனக்குத் தெரிஞ்சது அந்த வீடியோ எடுத்த பொண்ணு மட்டும்தான்.


ராபஸ்டா_ரசிகன்

எல்லாருக்கும் வணக்கம். ஏஎஃப்டி துணி மில்லு ஓடுன காலத்துல ஷிப்ட் விடுற நேரம் கடலூர் ரோட்ல காபி குடிச்சவன் நான், அந்த மில்லே 2020ல இழுத்து மூடிட்டாங்க, அதை விடுங்க. மைனர் சொல்ற கடைக் காபில பாதி சிக்கரி. சட்டமே காபி 51 சதவீதம் இருந்தாப் போதும்னு சொல்லுது, மிச்சம் 49 வரைக்கும் வேரைப் பொடிச்சுப் போடலாம், பாக்கெட்ல சின்ன எழுத்துல போட்டிருப்பான் படிச்சுப் பாருங்க. அதைக் குடிச்சுட்டு 280 ரூபாக் காபியைக் கிண்டல் பண்ணக் கூடாது.

நான் சொல்றபடி செய்யுங்க. பீபெரி (பழத்துக்குள்ள ஒத்தையா வெளையற உருண்டைக் கொட்டை) பாதி, பிளான்டேஷன் ஏ (அரபிகா கொட்டைல ஒரு தரம்) பாதி, வாரத்துக்கு மட்டும் அரைச்சு வாங்குங்க, மாசத்துக்கு வாங்கினா நம்ம ஊரு கடல்காத்து ஈரத்துக்கு வாசனை போய்டும். டப்பாவை அடுப்புப் பக்கத்துல வெக்காதீங்க. ஃபில்டர்ல தூளைப் போட்டு லேசா அமுக்குங்க, இறுக்கி அமுக்காதீங்க. கொதிச்ச தண்ணியை அப்படியே ஊத்தாம அரை நிமிஷம் விட்டு ஊத்துங்க. மொதல் டிகாஷன் மட்டும்தான், ரெண்டாவது டிகாஷனை விருந்தாளிக்குக்கூடக் குடுக்காதீங்க. வெறும் வயித்துல குடிக்காதீங்க, உப்பளத்தாரு வயித்துல அசிடிட்டின்னு சொன்னாரே, காலைல எழுந்ததும் ஒரு சொம்பு வெந்நீர், அரை மணி கழிச்சு ரெண்டு இட்லி, அப்புறம்தான் காபி. நைட்டு ஏழு மணிக்கு மேல தொடவே கூடாது. ராபஸ்டாவுல அரபிகாவைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கஃபீன், எனக்கு அதுதான் புடிக்கும், ஆனா டாக்டர் வேணாம்னுட்டாரு.


மஞ்சக்குப்பம்_மைனர்

ஐயா, பேரே ராபஸ்டா ரசிகன், குடிக்கறது பிளான்டேஷன் ஏ. சிக்கரி இல்லாம டிகாஷன் பால்ல ஊத்தினா அது காபி கலர்ல வர்ற பாலு. திக்கு வேணாமா? அப்புறம் சிக்கரிய ஃபேமஸ் ஆக்கினதே உங்க பிரெஞ்சுக்காரன்தான், நெப்போலியன் இங்கிலீஷ் சரக்கு எதுவும் வரக்கூடாதுன்னு 1806ல தடை போட்டான், காபி வராம அவன் ஊர்க்காரனே சிக்கரி வேரை வறுத்துக் குடிச்சான். நீங்கதான் பாண்டிக்காரரு, சிக்கரிக்கு நீங்க கூட இருந்து பேசணும்.


ராபஸ்டா_ரசிகன்

1806ல பாண்டிச்சேரி இங்கிலீஷ்காரன் கையிலதான் இருந்துச்சு, 1816லதான் பிரெஞ்சுக்காரனுக்குத் திரும்பக் கெடைச்சுது. சரித்திரம் தெரியாம பேசாதீங்க மைனர்.


பால்நுரை

ரொம்ப நாளா படிக்கறது மட்டும்தான், இன்னைக்குத்தான் எழுதறேன். நான் இங்கதான் பரிஸ்டா, அதான் கடைல காபி போடறவன், திண்டிவனம் பக்கம் சொந்த ஊரு. உப்பளம் அண்ணா, அது நான் இல்ல, எங்க கடைல அந்த மாதிரி கூஜா இல்ல.

திரும்பி வந்த காபியைக் குடிச்சுப் பாக்காம கொட்டக் கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தது. நம்ம தப்பா, கஸ்டமர் டேஸ்ட்டான்னு தெரியணும்ல. கிரைண்டர் செட்டிங் காலைல ஒண்ணு வெப்போம், மதியம் மழை வந்து காத்துல ஈரம் ஏறினா அதே செட்டிங்ல எஸ்பிரஸோ ஷாட் வேற மாதிரி வரும். 18 கிராம் தூள் போட்டு 36 கிராம் காபி இறங்க முப்பது செகண்டு கிட்ட ஆகணும், திடீர்னு இருபதுல ஓடி வந்துடும். அதனால ஒரு வாய் எல்லாரும் குடிப்போம். அவன் மிச்சத்தையும் குடிச்சான்னு சொன்னீங்க பாருங்க, அப்போ காபி நல்லா வந்திருக்குன்னு அர்த்தம் அண்ணா. அந்தக் காபியை நாங்க முழு கப்பு குடிக்கறதே அப்படித் திரும்பி வந்தாத்தான். சம்பளத்துல புடிச்சாங்களான்னா கடைக்குக் கடை வேற, எங்க கடைல புடிக்க மாட்டாங்க, மொதல்ல நான் இருந்த கடைல புடிச்சாங்க.

அக்கா, மணிக்கட்டு வடு எனக்கும் மூணு இருக்கு, ஸ்டீம் கொழாயைத் தொடைக்கறப்ப படறதுதான். உங்கம்மா நம்ம கடைக்கு வந்தா நான் எழுவதுக்கே சூடு பண்ணித் தர்றேன்.

எனக்கு உறுத்தறது இங்கிலீஷ்தான். டேபிள்ல இங்கிலீஷ் பேசுங்கன்னு ஓனர் சொல்வாரு, சரி, ஆனா தமிழ்ல சொன்னாலும் மாட்டிக்கறேன். அசிடிட்டிக்கு நான் புளிப்புன்னு சொன்னா கெட்டுப்போச்சுன்னு நெனைக்கறாங்க. நம்ம வாயில புளிச்ச பால், புளிச்ச மாவு, புளிச்சுப் போச்சு, எல்லாமே கெட்டதுதானே. ஒருநாள் குருசுக்குப்பம் பக்கத்துலேருந்து மீன் ஏலம் எடுக்கற ஒரு அண்ணன், ஏசிக்காகத்தான் வந்தாரு, போர் ஓவர் குடிச்சுட்டு மூஞ்சைச் சுளிச்சாரு. நான் என்னமோ தோணி, "அண்ணே, நெல்லிக்காய் கடிச்சுட்டுத் தண்ணி குடிச்சா எப்படி இருக்கும், அந்த மாதிரி, கொஞ்சம் பொறுங்க"ன்னேன். அவரு கப்பை வெச்சுட்டு ஃபேனைப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம் "அட, வருதுடா"ன்னாரு. முழுசும் குடிச்சாரு. அடுத்து வரவே இல்ல, அது வேற.


உப்பளம்_பையன்

நெல்லிக்காய்னு அவன் சொல்லியிருந்தா நான் இன்னொரு வாய் குடிச்சிருப்பேன் தம்பி. ஆரஞ்சுன்னுதானே சொன்னான், நான் ஆரஞ்சைத் தேடினேன், கெடைக்கல.

ரிப்பேர் தம்பி, நேரம் பாக்கல, ஆனா ரெண்டு நிமிஷத்துல வரல, லேட்டாத்தான் வந்துச்சு. அதையும் குறை சொன்னேன்.


லாஸ்பேட்டை_அக்கா

பால்நுரை, எந்தக் கடைன்னு தனியா சொல்லுப்பா. அம்மா வர மாட்டேங்கறாங்க, ஆனா காயத்துக்கு என்னமோ காய்ச்சித் தர்றேங்கறாங்க.


மஞ்சக்குப்பம்_மைனர்

தம்பி, எஸ்பிரஸோவுக்கு இந்த மாதிரி எதனா சொல்லு பாப்போம்.


பால்நுரை

உங்களுக்கு மேல பூஸ்ட் தூவித் தர்றேன், வாங்கண்ணே.