மறு: சுவறாழமா, தளர்வாழமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

மேல்நிலை மாணவர்களுக்கான அறிவியல் கையேடு வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கதிரியக்கப் பொருள் மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் 'ரிலாக்சேஷன் லெங்த்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குரிய தமிழ்ச்சொல்லின் இடம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. 'சுவறாழம்', 'தளர்வாழம்' என்ற இரண்டும் அதற்காக முன்வைக்கப்பட்டவை. 'வீழ்படிவு' என்பது வேதியியலில் வேறு பொருளில் வேரூன்றிவிட்டதால், அணுவெடிப்பிலும் உலை விபத்திலும் வானிலிருந்து இறங்குவதைக் 'கதிரியக்கப் பொழிவு' என்றே எழுதிவிட்டோம்; அதை மீண்டும் கிளற வேண்டாம்.

பொழிவில் வந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் முதலில் மண்ணின் மேற்பரப்பில் கிடக்கிறது. மழைநீரும் மண்புழுக்களும் நில வெடிப்புகளும் அதை மெல்லக் கீழே கொண்டுசெல்ல, ஆழம் கூடக் கூட அதன் செறிவு குறைந்துகொண்டே போகிறது. மேற்பரப்புச் செறிவில் ஏறத்தாழ 37 விழுக்காடாக அது குறையும் ஆழத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். அந்த ஆழம் மிகுந்தால், தரைக்கு 1 மீட்டர் உயரத்தில் வைத்த கருவி காட்டும் காமாக் கதிர் அளவு குறைகிறது. சீசியம் ஓர் அணுவும் குறையாதபோதும், மேலுள்ள மண்ணே கதிரைத் தடுத்துக்கொள்கிறது.

சென்னை நண்பர் முன்வைத்த 'தளர்வாழம்' மூலச்சொல்லுக்கு நேரானதுதான். ஆனால் இங்கே தளர்வது எது என்று மாணவர் கேட்டால் என்னிடம் விடையில்லை. சென்ற மாதம் எங்கள் கடற்கரை மணலை ஒரு கண்ணாடிக் குழாயிலும், கண்மாய் வண்டலை இன்னொன்றிலும் நிரப்பி, இரண்டிலும் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தின் கரைசலை ஊற்றினேன். வண்டலில் நீலம் ஒரு விரல்கடை ஆழத்திலேயே நின்றுவிட்டது. மணலில் ஒரு சாண் இறங்கியது. "சார், மணல்ல சுவறிப்போச்சு" என்றாள் முன்வரிசை மாணவி. நீர் மண்ணுக்குள் ஊறி இறங்குவதைத்தான் அவள் சுவறுதல் என்றாள்; 'சுவறாழம்' அங்கே பிறந்தது. சுவறு என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் உயிர் வரும்போது கெடுவது நன்னூல் விதிப்படியே ஆகையால் புணர்ச்சியிலும் குறையில்லை. யாழ்ப்பாண நண்பரும் இது தம் ஊரில் அன்றாடச் சொல் என்று எழுதியிருக்கிறார். சுவறும் சுவடும் ஒரே வேரா என்ற ஆராய்ச்சியைப் புலவர் ஐயா அச்சு வேலை முடிந்தபின் தொடர வேண்டுகிறேன்.

எதிர்ப்பு இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள்.

*

தம்பிக்கு,

மண்ணியல் படித்தவள் என்ற முறையில் 'சுவறாழம்' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. சுவறுதலுக்கு வற்றுதல் என்றும் பொருள் உண்டு. வேல் பட்டுக் கடல் சுவறியது என்று பாடினால் அது வற்றியது என்றுதானே கொள்கிறோம்? கதிரியக்கம் மண்ணில் வற்றி ஒழிந்துவிட்டது என்று ஒரு பிள்ளை எண்ணிவிட்டால் அந்தப் பிழையை எப்படித் திருத்துவீர்கள்? சீசியம்-137இன் அரைவாழ்வு, அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 30 ஆண்டுகள். மேலும் அது நீரோடு எளிதில் இறங்கும் பொருளன்று. இல்லைட் போன்ற களிமண் கனிமங்களின் விளிம்புகளில் இறுகப் பற்றிக்கொள்வது. 1986இல் செர்னோபில் அணு உலை விபத்தால் சீசியம் படிந்த, உழப்படாத நிலங்கள் பலவற்றில் அதன் பெரும்பகுதி பல ஆண்டுகளுக்குப் பின்னும் மேல்மண்ணிலேயே இருந்தது. 2011இல் நடந்த அணு உலை விபத்துக்குப் பின் ஜப்பானின் புக்குசிமாவில் வயல்களின் மேல்மண்ணை ஏறத்தாழ 5 செ.மீ. சுரண்டி எடுத்ததும் அதனால்தான். உங்கள் குழாயில் நீலத்தைப் பற்றி நிறுத்திய வண்டலின் வேலையே முதன்மையானது. நீங்களோ மணல் செய்ததை வைத்துப் பெயரிடுகிறீர்கள்.

மணலும் களியும் ஒரே அடர்த்தி உடையவை அல்ல என்பதால், செ.மீ.க்கு மாற்றாக ஒரு சதுர செ.மீ. பரப்பின் கீழ் அந்த ஆழம் வரை உள்ள மண்ணின் நிறையைக் கிராமில் கூறும் வழக்கமும் உண்டு. அதற்கும் 'ஆழம்' என்றே சொல்வீர்களா?

இதற்கு மாற்றாகப் 'பரவாழம்' என்று நான் சொன்னதை ஒருவர் மட்டுமே ஏற்றார். நாள் இல்லையென்றால் சுவறாழமே அச்சுக்குப் போகட்டும். "இங்கே சுவறுதல் வற்றுதலைக் குறிக்காது" என்ற வரியை அடியில் சேர்த்துவிடுங்கள். உடன்பட்டோர் பட்டியலில் என் பெயர் வேண்டாம்.