புது கிராபிக்ஸ் கார்டு கணினியில் தெரியவே இல்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. இரண்டு நாளாக இதோடு மல்லாடுகிறேன். புதிதாகப் பொருத்திய கிராபிக்ஸ் கார்டில் ஃபேன் சுற்றுகிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸ் காட்டும் சாதனப் பட்டியல்) பிராசஸரோடு வந்த உள் கிராபிக்ஸ் மட்டும்தான் இருக்கிறது. விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டு மென்பொருளான பயாஸிலும் கார்டைச் செருகிய ஸ்லாட் காலி என்றே காட்டுகிறது. அதனால் டிரைவர் பிரச்சினையாக இருக்காது என்று நினைக்கிறேன், டிரைவர் வேலையெல்லாம் விண்டோஸ் வந்த பிறகுதானே.

மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகினால் சிக்னல் இல்லை, மதர்போர்டில் செருகினால் படம் வருகிறது.

கார்டைக் கழற்றி, தங்க நிறக் கால்களைத் துடைத்து, ஸ்லாட்டின் ஓரத்துக் கொக்கி 'டிக்' என்று பூட்டும்வரை அழுத்தி மறுபடி பொருத்தினேன். அப்புறம் கார்டைப் பிடிக்கும் தகட்டைத் திருகியதும் பின்பக்கம் லேசாக மேலே எழும்புவது போலத் தெரிந்தது, திருகைத் தளர்த்தியும் பார்த்துவிட்டேன், மாற்றம் இல்லை.

ஸ்லாட் 75 வாட் வரைதான் தரும், மீதி 8 பின் கேபிள் வழியாகப் போக வேண்டும். அதுவும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. பவர் சப்ளை 550 வாட்.

பயாஸில் சிஎஸ்எம் (பழைய முறையில் பூட் செய்ய உதவும் வசதி) ஆனில் இருக்கிறது. அதை அணைத்தால் சரியாகுமா? விண்டோஸ் இருக்கும் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருப்பதால், அணைத்தபின் பூட் ஆகாதே என்று தயங்குகிறேன். அல்லது முதலில் பயாஸை அப்டேட் செய்யட்டுமா? கார்டை மாட்டிப் பார்க்க வேறு கணினி கைவசம் இல்லை. இதே சிக்கலைச் சரிசெய்தவர்கள் எதில் தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.