பெர்செவால் ஏன் வாயைத் திறக்கவில்லை?

கேள்வி: 12ஆம் நூற்றாண்டில் கிரெத்தியன் த துருவா பிரெஞ்சில் எழுதிய, பெர்செவால் என்ற இளம் வீரனின் கதையை இப்போதுதான் படித்தேன். காயம்பட்ட ஓர் அரசனின் கோட்டையில் விருந்து. ரத்தம் சொட்டும் ஈட்டி கண்ணெதிரே போகிறது, ஒவ்வொரு முறை உணவு பரிமாறும்போதும் கிரெயில் என்ற புனிதத் தட்டு கடந்து போகிறது. இவன் வாயே திறக்கவில்லை! அவற்றைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த அரசன் குணமாகியிருப்பானாம். எனக்குக் கோபம்தான் வந்தது. வீரனுக்கு என்ன பயம்?

பதில் 1: பயமில்லை. அதிகம் பேசாதே என்று குரு கோர்னெமான் சொல்லியிருந்தார், பையன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். காலையில் கேட்கலாம் என்று படுத்தான். விடிந்தால் கோட்டையில் ஆளே இல்லை.

பதில் 2: அதோடு அம்மா விஷயம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள் பாலத்தருகே விழுந்ததைப் பார்த்தும் திரும்பவில்லையே. அந்தப் பாவம்தான் நாக்கைக் கட்டிப்போட்டது என்று கதையே பிறகு சொல்கிறது.

கேள்வி கேட்டவர்: அட, அந்தப் பாலத்தை வேகமாகத் தாண்டிப் படித்துவிட்டேன். சரி, கடைசியில் கேட்கிறானா?

பதில் 2: கிரெத்தியன் கதையை முடிக்கவில்லை. இதே கதையை ஜெர்மன் மொழியில் வோல்ஃப்ராம் எழுதிய பார்சிஃபாலில், தன் மாமாவான அந்த அரசனிடம் கேட்கிறான்: “மாமா, உங்களுக்கு என்ன செய்கிறது?” அவ்வளவுதான் கேள்வி.