தோட்டாவின் எண் கூடினால் உதையும் கூடுமா?

கேள்வி: நாகர்கோவில் மாணவி

நான் நாகர்கோவிலில் கல்லூரி இரண்டாமாண்டு படிக்கிறேன், என்.சி.சி.யில் இருக்கிறேன். சென்ற முகாமில் .22 ரைஃபிளால் படுத்த நிலையில் ஐந்து தோட்டாக்கள் சுட்டேன். சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி இடிப்பதைத்தான் உதை என்கிறார்கள், அப்படிச் சொல்லத்தக்க எதையும் தோள் உணரவில்லை. வெடிமருந்தின் வாசனையும் வெற்றுக்கூடு தெறித்து விழுந்த சத்தமுமே நினைவில் நிற்கின்றன. அடுத்த முகாமில் 5.56 மில்லிமீட்டர் இன்சாஸ் ரைஃபிள் சுட வாய்ப்பு உண்டு என்கிறார்கள். மதராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றிய என் பாட்டாவோ, .303 ரைஃபிள் சுட்ட மறுநாள் தோளில் ரத்தம் கட்டிச் சட்டை மாட்டக்கூடக் கை எழும்பாது என்பார். .22 அங்குலம் என்பது கணக்குப்படி 5.6 மில்லிமீட்டர்தானே, அப்படியானால் இன்சாஸும் நான் சுட்டதைப் போலவே இருக்குமா? 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் எண் .303-ஐ விடப் பெரியது. அதன் உதையும் பெரியதா? சுட்டுப் பழகியவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: தக்கலை, ஓய்வுபெற்ற சுபேதார்

மக்களே, உன் பாட்டா சொன்னதில் மிகை இல்லை. பெயரில் இருக்கும் எண் குண்டின் பருமனை மட்டுமே சொல்லும். தோளுக்குத் தெரிவதோ குண்டின் எடையும் அது புறப்படும் வேகமும் சேர்ந்த பலன். .22 குண்டு ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ளது. நொடிக்கு 330 மீட்டர் அளவில் போகும். பருமனில் அதற்கு இணையான இன்சாஸ் குண்டு 4 கிராம் எடையோடு நொடிக்கு 900 மீட்டர் அளவில் பாய்கிறது. எடையை வேகத்தால் பெருக்கிப் பார், நான்கு மடங்குக்கு மேல் வரும். .303 குண்டு 11.3 கிராம், வேகம் 740 மீட்டருக்குச் சற்று மேல். அதே கணக்கில் அது .22-ஐப் போலப் பத்து மடங்கு. வெடித்து வெளியேறும் மருந்துப் புகையின் தள்ளல் இதற்கு மேலே தனி.

என் கல்லூரி நாள்களில் என்.சி.சி.யில் எங்களுக்குக் கொடுத்தது .303. அதன் பின்கட்டையின் முடிவில் ரப்பர் கிடையாது, உலோகத் தகடுதான். முதல் தோட்டாவுக்குப் பயந்து கட்டையைத் தோளிலிருந்து ஒரு விரற்கடை விலக்கிப் பிடித்தேன். அந்த இடைவெளியில் வேகமெடுத்து வந்த தகடு தோளெலும்பின் நுனியில் இடித்தது, ஒரு வாரம் நீலம் மாறவில்லை. பயிற்சி தந்த ஹவில்தார் என் விரலைப் பிடித்து, காரை எலும்புக்குக் கீழே தோளும் மார்பும் சேரும் குழியில் அழுத்திக் காட்டி, கட்டை அங்கேதான் அமர வேண்டும் என்றார். மறுபடி சுட்டபோது அதே துப்பாக்கியும் அதே தோட்டாவும் என் உடம்பு முழுவதையும் சேர்த்துப் பின்னே தள்ளின. வலி என்று ஒன்றும் இல்லை.

படையில் சேர்ந்த பிறகு 7.62 எஸ்.எல்.ஆர். என்ற, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள் கிடைத்தது. குண்டின் வலுவில் அது .303-க்கு அதிகம் பின்தங்கியதல்ல. ஆனால் வெடிவாயுவின் ஒரு பகுதி உள்ளிருக்கும் பிஸ்டனைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவதால், அடி ஒரே கணத்தில் விழாமல் சற்று நீண்டு இறங்கும். கூடவே இரும்பு ஓடித் திரும்பும் ஓர் அதிர்வைக் கன்னம் உணரும். பின்னாளில் இன்சாஸ் வந்தபோது, 4 கிலோவுக்கு மேற்பட்ட துப்பாக்கியில் அந்தச் சிறிய தோட்டா, தெரிந்தவர் தோளில் தட்டுவது போலத்தான் இருந்தது. நீ கவலைப்பட வேண்டியது அதன் சத்தத்தைப் பற்றித்தான். காதடைப்பு இல்லாமல் சுடாதே. வலக்கையால் சுடுபவருக்கு இடது காதுதான் குழல்வாய்ப் பக்கம் இருக்கும். என் இடது காதில் இரைச்சல் இன்றும் ஓயவில்லை.

பதில்: மார்த்தாண்டம், பிஸ்டல் வீரர்

ஐயா ரைஃபிளைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டார். தங்கச்சி, கைத்துப்பாக்கியில் உதையை வாங்குவதற்குத் தோள் கிடையாது, மணிக்கட்டுதான். குழல் கைப்பிடிக்கு மேலே இருப்பதால், பின்னோக்கிய தள்ளல் துப்பாக்கியின் முனையை மேலே தூக்கிச் சுழற்றும். 9 மில்லிமீட்டர் குண்டின் தள்ளல் .303-இல் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதைத் தாங்கும் துப்பாக்கியின் எடையும் 4 கிலோவுக்குப் பதில் 1 கிலோ அளவு என்பதால், கையில் அது சிறியதாகத் தோன்றாது.

நம் நாட்டில் 9 மில்லிமீட்டர் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவு. நாங்கள் போட்டிகளில் .22-உம், 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவில் பெரும்பாலும் .32-உம் சுடுகிறோம், நம் நாட்டுத் துப்பாக்கி சுடும் வீரர் ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டிலும் 2006 தோஹாவிலும் தங்கம் வென்ற பிரிவு அது. .32 தோட்டாவின் குண்டு முன்புறம் தட்டையானது, வேகம் குறைந்தது. உள்ளங்கையில் மெத்தென்று ஓர் அழுத்தம், அவ்வளவே. அப்படியிருந்தும் .22-இலிருந்து .32-க்கு மாறிய மாதத்தில் என் குண்டுகள் எல்லாம் இலக்கின் கீழ்ப்பகுதியிலேயே விழுந்தன. பயிற்சியாளர் எனக்குத் தெரியாமல் உயிர்த் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவை வைத்தார். விசையை இழுத்தேன், வெடிக்கவே இல்லை, ஆனால் வராத உதையை எதிர்த்து என் கை துப்பாக்கியின் முனையை இரண்டு விரற்கடை கீழே அமுக்கியது. உதையைக் காட்டிலும் அதை எதிர்பார்க்கும் மிரட்சிதான் குறியைக் கெடுக்கிறது என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

பதில்: கருங்கல் ஊர்க்காரர், டெக்சாஸ்

இங்கே பயிற்சிக்கூடத்தில் வாடகைக்குக் கிடைப்பவற்றைச் சுட்டுப் பார்த்ததில் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. 9 மில்லிமீட்டரின் அடி வெட்டென்று வந்து சட்டென்று முடியும். .45 குண்டு ஏறத்தாழ 15 கிராம், ஆனால் நொடிக்கு 260 மீட்டர் அளவில் மெல்லப் போவது. 1911 என்ற மாடல் போன்ற கனத்த இரும்புக் கைத்துப்பாக்கியில் அது யாரோ கையைப் பிடித்துத் தள்ளுவது போல நிதானமாக இருக்கிறது. தள்ளல் 9 மில்லிமீட்டரை விட அதிகம் என்றாலும் எனக்கு எரிச்சல் குறைவு.

உங்கள் கேள்விக்கு நேரான சோதனை ஒன்றும் உண்டு. .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போடலாம். பெயர் வேறானாலும் இரண்டின் குண்டுக்கும் விட்டம் ஒன்றே. ஒரே கை, ஒரே துப்பாக்கி. .38-ஐ நாள் முழுவதும் சுடலாம். மேக்னம் ஆறு சுட்டதும் கட்டைவிரல் அடியில் தோல் எரியத் தொடங்கிவிட்டது.

மறுமொழி: நாகர்கோவில் மாணவி

மூவருக்கும் நன்றி. ஐயா, அந்த மிரட்சியை முகாமுக்கு முன்பே போக்கிக்கொள்ள வழி உண்டா?

பதில்: தக்கலை, ஓய்வுபெற்ற சுபேதார்

உண்டு மக்களே. பயிற்சியாளர் முன்னிலையில், வெற்றுத் துப்பாக்கி என்று இருவரும் சரிபார்த்த பிறகு, குழல் நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைக்கச் சொல். அது விழாமல் விசையை இழுக்கப் பழகு. எனக்கு முதல் நாள் ஒருமுறைகூட நிற்கவில்லை. பத்தாம் நாள் பத்துக்கு எட்டு நின்றது.