பை.பி.ஐ. பக்கத்தில் இரண்டு உரிமங்களைச் சரியாகக் காட்டுவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். நான் பராமரிக்கும் பைத்தான் தொகுப்பில் நிரல் மூன்று விதி பி.எஸ்.டி. என்னும் திறமூல உரிமத்திலும், உடன் வரும் சொற்பட்டியல் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 உரிமத்திலும் உள்ளன. ஆனால் பைத்தான் தொகுப்புகளை வெளியிடும் பொதுத் தளமான பை.பி.ஐ.-யில் அதன் பக்கத்தில் ‘பி.எஸ்.டி. லைசென்ஸ்’ என்று மட்டுமே தெரிகிறது. அந்தப் பழைய வகைப்பாட்டுக் குறி பி.எஸ்.டி.யின் இரண்டு விதி வடிவமா, மூன்று விதி வடிவமா என்பதைக்கூடச் சொல்வதில்லை. சொற்பட்டியலின் உரிமத்தை அறியப் பயனருக்கு வழியே இல்லை. உழைத்துத் தொகுத்துத் தந்தவர்களுக்கு இது நியாயமாகாது.

2024-இல் ஏற்கப்பட்ட பெப் 639 என்னும் பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவின்படி, தொகுப்பின் விவரங்களைக் கொண்ட பைபுராஜெக்ட் கோப்பின் ‘லைசென்ஸ்’ புலத்தில் எஸ்.பி.டி.எக்ஸ். குறியீடுகளை (உரிமங்களுக்கான பொதுச் சுருக்கப் பெயர்கள்) ‘ஆண்ட்’ (மற்றும்) சேர்த்து எழுதி, பழைய உரிமக் குறிகளை நீக்கிவிட வேண்டும் என்று அறிகிறேன். நிரலும் தரவும் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும்போதும் ‘ஆண்ட்’ என்பதே சரியா? இவ்வசதியைத் தரும் செட்அப்டூல்ஸ் 77 (தொகுப்பைக் கட்டமைக்கும் கருவி) பைத்தான் 3.8-இல் இயங்காது என்பதால், அப்பதிப்பில் இருந்துகொண்டு மூலக்கோப்பிலிருந்து நிறுவுவோரை என்ன செய்வது? முன்பே கட்டமைத்துத் தரும் வீல் கோப்பு மட்டும் போதுமா? ஏற்கெனவே ஏற்றிய வெளியீடுகளின் விவரத்தைத் திருத்த முடியாதாகையால், அவற்றுக்காகப் ‘போஸ்ட்’ வெளியீடு (நிரலை மாற்றாமல் விவரத்தை மட்டும் திருத்தும் பின்வெளியீடு) தருவது வழக்கமா என்பதையும், இம்மாற்றத்தைச் செய்து முடித்தவர்கள் தங்கள் கோப்பின் அந்தப் பகுதியுடன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.