‘உள்கதிர்’ வேண்டாம், ‘கிட்டக்கதிர்’ போடுவோம்

கண்டித் தம்பி, கதிர்மூலத்தைப் புற்றுக்கட்டிக்குக் கிட்ட வைத்துச் செய்கிற சிகிச்சை பிராக்கிதெரபி. அதில் உடல் வாங்கும் கதிரை அளக்கிற துறைக்கு (பிராக்கிதெரபி டொசிமெட்ரி) நாமும் சென்னை ஐயாவும் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு நீங்கள் சொன்ன ‘உள்கதிர் மருந்தளவு அளவீடு’ என்பதில் மூன்று சொல்லிலும் எனக்குத் தகராறு இருக்கிறது, கோபிக்க வேண்டாம்.

முதலில் ‘உள்’. போன மாதம் எங்கள் தோட்டத்துப் பெரியம்மா ஒருவருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு பிராக்கிதெரபி செய்ய நாள் குறித்தார்கள். அது என்னவென்று துண்டில் எழுதித் தரச் சொன்னார், நானும் பெரிய பௌதிகவியல் வாத்தியார் மாதிரி ‘உள்கதிர்ச் சிகிச்சை’ என்று எழுதிக் கொடுத்தேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டவர் கேட்ட முதல் கேள்வி: “அப்ப அந்தக் கதிரு உள்ளுக்கேயே இருந்துடுமா தம்பி, பேரப்புள்ளய தூக்க ஏலாதா?” அது என் சொல் செய்த வேலை. அவருக்குச் செய்யப்போவதோ, அரிசிமணி அளவுகூட இல்லாத இரிடியம்-192 துண்டு கம்பி நுனியில் குழாய் வழியாகப் போய், அங்கங்கே நின்று, சில நிமிடத்தில் பெட்டிக்குத் திரும்பிவிடுகிற சிகிச்சை. உள்ளே எதுவும் தங்காது, பேரனைத் தாராளமாகத் தூக்கலாம். தைரொயிட்டுக்கு அயடீன்-131 குடிக்கக் கொடுக்கிறார்களே, அதுதான் கொஞ்சநாள் உடம்பில் இருக்கும். இரண்டையும் ‘உள்’ என்ற ஒரே சாக்கில் கட்டினால் குழப்பம்தான். 1931இல் ஃபோர்செல் என்ற சுவீடன் கதிர் மருத்துவர் ‘பிராக்கிதெரபி’ என்ற பெயரை வைத்தபோதும் ‘குறுகிய’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார், தூரம்தான் விஷயம்.

ஆகவே ‘கிட்டக்கதிர்’. ‘அண்மை’ இருக்கப் பேச்சுவழக்கு எதற்கு என்று சென்னை ஐயா கேட்பார். ஐயா, கிட்டப்பார்வை என்று உங்கள் பக்கத்தில் புத்தகத்திலேயே அச்சடிக்கிறீர்கள்! எங்கள் பிள்ளைகளிடம் ‘அண்மைக்கதிர்’ என்றால் அண்மையில் கொடுத்த கதிர் என்று விளங்கிக்கொள்கிறார்கள்.

அப்புறம் ‘மருந்தளவு’. மருந்தில் அது கொடுக்கிற அளவு. இங்கே பேசுவது உடல் வாங்கிக்கொள்கிற சக்தி, ஒரு கிலோவுக்கு ஒரு யூல் (ஜூல்) என்றால் 1 கிரே, அதுதான் அதன் அலகு. ‘ஏற்பளவு’ ஏற்கெனவே புழங்குகிறது, அதை மாற்ற வேண்டாம். ஆனால் ‘ஏற்பளவு அளவீடு’ என்று சொல்லிப் பாருங்கள், அளவுக்கு மேல் அளவு. வெப்பமானி, அமுக்கமானி வரிசையில் கருவிக்கு ‘ஏற்புமானி’, துறைக்கு ‘ஏற்புமானம்’ என்று வைக்கலாமே. (மானம் மரியாதை என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், வருமானத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.)

‘கிட்ட’ என்பதை நான் விடாப்பிடியாகப் பிடிப்பதற்கு இன்னொரு காரணம், அளக்கிற சிக்கலே அதில்தான் இருக்கிறது. மார்கழிக் குளிருக்கு லயத்து அடுப்பில் கை காய்ச்சியவர்களுக்குத் தெரியும், ஒரு விரற்கடை முன்னே போனாலும் சுடும், பின்னே வந்தாலும் குளிரும். கதிர்மூலத்திலிருந்து 1 சென்ரிமீற்றரில் அளக்கப்போய் கை 1 மில்லிமீற்றர் மூலத்தின் பக்கம் நகர்ந்தால், நேர்மாறு வர்க்க விதிப்படி (தூரம் பாதியானால் கதிர் நான்கு மடங்கு) பார்த்தாலே ஏற்பளவு 23 சதவீதம் கூடிவிடும். உடம்புக்கு வெளியே தூரத்திலிருந்து அடிக்கிற வெளிக்கதிருக்கு வழமையாகப் பாவிக்கிற அயனாக்க அறையின் (கதிர் பட்டால் உள்ளே உண்டாகும் மின்னேற்றத்தை அளக்கிற சின்னக் காற்றறை) உள்விட்டம் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர். அதன் நடுவை 1 சென்ரிமீற்றரில் வைத்தால் முன்சுவர் 7 மில்லிமீற்றரில், பின்சுவர் 13இல். முன்னுக்கும் பின்னுக்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த அறை காட்டும் ஒற்றை எண் எந்தப் புள்ளிக்குச் சொந்தம்? அதனால்தான் இங்கே கதிர் பட்டால் நிறம் மாறுகிற மெல்லிய கதிர்நிறப் படலமும், வாங்கிய கதிரைச் சூடாக்கும்போது ஒளியாகக் காட்டுகிற லிதியம் புளோரைட்டுச் சில்லும் தேவைப்படுகின்றன. இந்தச் செங்குத்தான இறக்கத்துக்கு நம் பாடநூலில் உள்ள ‘படித்திறன்’ போதும்: ‘ஏற்பளவுப் படித்திறன்’.

மூலத்தின் வலிமையை அளக்கிற குழியுள்ள கருவிக்குத் தம்பி சொன்ன ‘கிணற்று அறை’ நல்ல சொல், கிணறில்லாமல் மலைப் பீலித் தண்ணீர் குடிக்கிற எங்களுக்கும் விளங்குகிறது. ஆனால் அதையும் ஏற்புமானி என்று எழுதிவிடாதீர்கள். அது சொல்வது மூலத்தின் வலிமை மட்டும், திசு வாங்குவதை அதிலிருந்து கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் வரும் ‘கெர்மா’வை (கதிர் ஒரு கிலோ பொருளில் மின்னேற்றத் துகள்களுக்குக் கொடுக்கிற சக்தி) மொழிபெயர்க்காமல் ‘வளிக் கெர்மா வலிமை’ என்றே விடலாம், கர்மா என்று அச்சாகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

பெரியம்மாவின் துண்டை அடித்துவிட்டு ‘கிட்டக்கதிர்ச் சிகிச்சை, கதிர் உள்ளே தங்காது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சென்னை ஐயாவுக்கு ‘ஏற்புமானம்’ பிடிக்கவில்லை என்றால் வேறொன்று சொல்லட்டும், ‘அளவு’ இரண்டு தடவை வராமல்.