ஹை / லோ பவர் சுவிட்ச்: உங்கள் செட்டில் பார்த்ததைச் சொல்லுங்கள்

வண்டியில் மாட்டும் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) வி.எச்.எஃப். செட் பெரும்பாலானவற்றில் ஹை, மிட், லோ என்று அனுப்பும் பவரை மாற்ற ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் திரையில் எழுத்து மாறும், நாமும் பவர் இறங்கிவிட்டது என்று நம்பிப் பேசிக்கொண்டிருப்போம். எழுத்து மாறுவது வேறு, பவர் மாறுவது வேறு. மழைக்காலத்தில் என் பெஞ்சுக்கு வந்த ஒரு 50 வாட் எஃப்.எம். செட்டைப் பற்றிச் சொன்னால் இது புரியும்.

லோவில் பேசினாலும் செட் கொதிக்கிறது என்பதுதான் புகார். ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடில் மாட்டி, பேசும்போது அமுக்கும் பிடிடி பொத்தானை அமுக்கினேன். வாட் மீட்டர் முள் ஹையில் 50ஐத் தாண்டி நின்றது, லோவிலும் அதே இடம்தான். பொத்தான் போயிருக்கும் என்று சட்டென்று தோன்றும். ஆனால் இந்த மாதிரி செட்டில் பொத்தானுக்கும் ஆர்.எஃப். (ரேடியோ அலை) பாதைக்கும் நேரடி சம்பந்தமே கிடையாது. பொத்தான் பிராசசரிடம் சொல்லும், பிராசசர் ஒரு ரெஃபரன்ஸ் வோல்டேஜை இறக்கும், அவ்வளவுதான். ஃபைனலுக்கு (பவரை ஏற்றும் கடைசி ஸ்டேஜ்) அப்புறம் ஆன்டெனா பாதையில் ஒரு கப்ளரும் சின்ன டயோடும் உட்கார்ந்து, வெளியே போகிற பவரில் துளியளவு எடுத்து டி.சி.யாக்கிக் கொடுக்கும். அந்த டி.சி.யையும் ரெஃபரன்ஸையும் ஆப்-ஆம்ப் ஒப்பிட்டுப் பார்த்து, பவர் கூடினால் ஃபைனல் மாட்யூலின் கேட் வோல்டேஜைக் குறைக்கும், குறைந்தால் ஏற்றும்.

ரெஃபரன்ஸ் ஒழுங்காக இறங்கியது, மல்டிமீட்டரில் தெரிந்தது. டயோடு பக்கம்தான் வோல்டேஜே இல்லை. டயோடு ஓப்பன், அதாவது உள்ளே அறுந்துவிட்டது. பவர் துளிகூட வெளியே போகவில்லை என்று ஆப்-ஆம்ப் எடுத்துக்கொண்டு கேட்டை முழுசாகத் திறந்துவிட்டிருக்கிறது, ரெஃபரன்ஸ் எங்கே இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். கோளாறு வந்தால் செட் ஊமையாகிவிடும் என்றுதான் நினைப்போம், இங்கே கோளாறு வந்ததால் செட் முழு பலத்தோடு கத்துகிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது, ஏனென்றால் பேசுகிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஷாட்கி டயோடு ஒன்றை மாற்றிப் போட்டதும் லோ 5 வாட்டுக்கு வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பவர் பத்தில் ஒன்றாக இறங்கினால் பாட்டரியிலிருந்து இழுக்கும் கரன்ட்டும் பத்தில் ஒன்றாகும் என்று கணக்குப் போடாதீர்கள். கேட்டை மூடிப் பவரைக் குறைக்கும்போது ஃபைனலின் செயல்திறனும் (இழுப்பதில் பவராக வெளியே போகும் பங்கு) விழுந்துவிடும். வெள்ளம், புயல் என்று பாட்டரியோடு கிளம்புகிறவர்கள் லோவில் எத்தனை ஆம்பியர் என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 73 (வாழ்த்துகள்).

மதுரையிலிருந்து பதில்

அருமை ஓ.எம். (நண்பரே). ஆனால் இந்தக் கேட் வோல்டேஜ் வித்தையை எஸ்.எஸ்.பி. (குரலுக்கேற்ப அலையின் உயரம் மாறும் முறை) பக்கம் கொண்டுவந்துவிட வேண்டாம் என்று யாராவது சொல்லியாக வேண்டும், நானே சொல்கிறேன். எஃப்.எம்.மில் அலையின் உயரம் மாறாது, அதனால் ஃபைனல் எந்த கிளாஸில் (பயஸைப் பொறுத்த வகையில்) ஓடினாலும் குரல் கெடாது. எஸ்.எஸ்.பி.யில் பயஸை (ஃபைனலைத் தயார் நிலையில் வைக்கும் கேட் வோல்டேஜ்) குறைத்தால் மெல்லிய ஒலிகள் வெட்டுப்பட்டு, பக்கத்து அலைவரிசைக்காரர் காது கிழியும். வீட்டிலேயே கட்டிய எச்.எஃப். ரிக்கில் (செட்டில்) ஐ.ஆர்.எஃப்.510 டிரான்சிஸ்டர் ஃபைனலின் பயஸைத் திருகிப் பவர் குறைத்து வைத்திருந்த நண்பர் ஒருவரின் சிக்னலை நான் கேட்டிருக்கிறேன், குரலில் பாதி உறுமல்.

எஸ்.எஸ்.பி.யில் பயஸைத் தொடாமல் டிரைவைத்தான் (ஃபைனலுக்குள் போகும் சிக்னலை) குறைக்க வேண்டும். டிரைவர் ஸ்டேஜுக்கு முன்னால், மில்லிவாட் அளவில் இருக்கும் இடத்தில், ஒரு பை அட்டென்யுவேட்டரை (சிக்னலைக் குறைக்கும் மூன்று ரெசிஸ்டர் கூட்டு, பேடு என்றும் சொல்வோம்) ரிலே வைத்து உள்ளே வெளியே மாற்றினால் போதும். 50 ஓம் லைனுக்கு 10 டி.பி. (பவர் பத்தில் ஒன்றாக) குறைக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் தரைக்கு 96 ஓம், நடுவில் 71 ஓம், கையில் இருப்பதில் 100ம் 68ம் போட்டாலும் ஓடும். கால் வாட் ரெசிஸ்டர் போதும், சூடே ஆகாது. அதே பேடை ஃபைனலுக்குப் பின்னால் வைத்தால் அடுப்பு மாதிரி ஆகிவிடும், தவிர பவர் முழுவதையும் தயாரித்துவிட்டு வீணடிப்பதில் என்ன இருக்கிறது?

கோவையிலிருந்து பதில்

டிரான்ஸ்வெர்ட்டர் (ரிக்கின் சிக்னலை வேறு அலைவரிசைக்கு மாற்றும் பெட்டி) வைத்திருப்பவர்களுக்காக. 100 வாட் ரிக்கை 5 வாட்டுக்குத் திருகி வைத்துவிட்டால் 5தான் வரும் என்று நம்பாதீர்கள். சில ரிக்குகளில் ஏ.எல்.சி. (பவரைத் தானாகக் கட்டுப்படுத்தும் சுற்று) விழித்துக்கொள்ளச் சில மில்லிசெகண்ட் ஆகும், அதற்குள் முதல் அசை முழு பலத்தோடு போய்விடும். சராசரி காட்டும் வாட் மீட்டரில் இது தெரியாது, ஆசிலாஸ்கோப்பை சிங்கிள் ஷாட்டில் வைத்து "ஹலோ" சொன்னால் முதல் துடிப்பு கூரையைத் தொடுவதைப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவரின் டிரான்ஸ்வெர்ட்டரில் இன்புட் ரெசிஸ்டர் இப்படித்தான் கருகியது. ரிக்கில் டிரான்ஸ்வெர்ட்டருக்கென்றே தனி லோ லெவல் வெளியீடு இருந்தால் அதையே எடுங்கள். இல்லையா, முழு பவரையும் தாங்கும் அட்டென்யுவேட்டரை நடுவில் வையுங்கள், மெனுவை மட்டும் நம்ப வேண்டாம்.

புதுச்சேரியிலிருந்து பதில்

நான் சாட்டிலைட் பக்கம். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.யில் போன ஹாம்சாட் என்ற ஹாம் ரேடியோ சாட்டிலைட்டை இங்கே பலர் பயன்படுத்தியிருப்பீர்கள். 435 மெகாஹெர்ட்ஸில் ஏற்றி 145ல் கேட்க வேண்டியிருந்தது. அதிலிருந்த லீனியர் டிரான்ஸ்பாண்டரின் (வாங்கும் சிக்னல்களை வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவி) மொத்த வெளியீடே சுமார் ஒரு வாட், அதைத்தான் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் கீழேயிருந்து 50 வாட்டில் அடித்தால் டிரான்ஸ்பாண்டர் தன் கெயினை இறக்கிக்கொள்ளும், 5 வாட்டில் பேசும் மாணவன் சிக்னல் சத்தத்துக்குள் முங்கிவிடும். எத்தனையோ பாஸில் (சாட்டிலைட் நம்மைக் கடந்து போகும் நேரம்) இதைக் கேட்டு எரிச்சலாகியிருக்கிறேன்.

இப்போது க்யூ.ஓ.-100 சாட்டிலைட்டிலும் அதே விதிதான்: உங்கள் சிக்னல் பீக்கனைவிட (சாட்டிலைட் வழியாகத் தொடர்ந்து வரும் அடையாள சிக்னல்) பலமாக இருக்கக்கூடாது. மீறினால் லைலா என்ற அமைப்பு உங்கள் சிக்னல் மேலேயே சைரன் ஒலியை ஏற்றிவிடும், எல்லோர் காதிலும் விழும். மூன்று படிச் சுவிட்ச் இங்கே போதாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் 1 டி.பி. படியில் மாறும் ஸ்டெப் அட்டென்யுவேட்டர் ஒன்றை வைத்திருக்கிறேன். டிஷ்ஷைச் சரியாகத் திருப்பிய நாளிலிருந்து அதில் பாதிக்கு மேல் உள்ளேயேதான் கிடக்கிறது.